49 ஆண்டுத் தவணை

1

1841ல் வரோனேஷ் மாகாணத்தைச் சேர்ந்த யெகோர் செக் என்ற பண்ணையடிமை, தன் எஜமானருக்குச் சுமார் 3,500 ரூபிள் கொடுத்து, தன்னையும் தன் மனைவி மக்களையும் வாங்கிக்கொண்டார். அவருடைய மகன் பாவெலுக்கு அப்போது 16 வயது. பாவெல் பின்னாளில் தகன்ரோக் துறைமுக நகரில் மளிகைக்கடை வைத்தார். அவருடைய மூன்றாவது பிள்ளைதான் அந்தோன் செகாவ்.

அதற்கு மூன்று வருஷம் முன்னால் பீட்டர்ஸ்பர்கில் ஒரு குலுக்கல் நடந்தது. பரிசு, கவிஞர் ஷுகோவ்ஸ்கியின் உருவப்படம். வரைந்தவர் அந்தக் காலத்தின் பெரிய ஓவியர் கார்ல் பிரியுல்லோவ். அரச குடும்பமே சீட்டு வாங்கியது. சேர்ந்த 2,500 ரூபிளை ஒரு நிலப்பிரபுவிடம் கட்டி, 24 வயது ஓவியன் ஒருவனை மீட்டார்கள். அவன் பெயர் தராஸ் ஷெவ்சென்கோ. இன்று உக்ரேனின் தேசியக் கவி.

ஒரு குடும்பத்துக்கு 3,500. திறமையுள்ள ஓர் ஆளுக்கு 2,500. முன்னேற்றப் பதிப்பகத்தின் ரஷ்ய நாவல்களை அப்பா காலத்து அலமாரியிலிருந்தோ பழைய புத்தகக் கடையிலிருந்தோ எடுத்துப் படித்தவர்களுக்கு அங்கே வருகிற வண்டியோட்டிகளையும் கிழட்டு வேலையாட்களையும் நன்றாகத் தெரியும். சமோவாரைக் கொண்டுவந்து வைப்பார்கள், மெழுகுவர்த்தியை ஏற்றுவார்கள், அறையை விட்டுப் போய்விடுவார்கள். உரையாடல் தொடரும். அப்படிப் போனவர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு விலை இருந்தது.

1861ல் ரஷ்ய அரசு ஒரே ஆணையில் இரண்டு கோடிக்கும் அதிகமான பண்ணையடிமைகளை விடுவித்தது. யெகோர் செக் ரொக்கமாகக் கட்டியதைப் போன்ற ஒன்றை இவர்கள் தவணையில் கட்டினார்கள். 49 வருஷத் தவணை. கடன் கொடுத்தது அரசு. அந்தக் கடன், வாங்கியவனை என்ன செய்தது என்பதை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். கொடுத்தவனை என்ன செய்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியம்.

(தேதிகள் எல்லாம் அன்றைய ரஷ்ய நாட்காட்டிப்படி.)

2

ரஷ்யக் குடியானவன் ஆதியிலிருந்தே அடிமை கிடையாது. 1497ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி வருஷத்தில் இரண்டு வாரம் அவனுக்கு ஒரு கதவு திறந்திருந்தது. அறுவடை முடிந்த நவம்பர் கடைசியில், புனித ஜார்ஜ் திருநாளுக்கு முன் ஒரு வாரம், பின் ஒரு வாரம். பாக்கியைத் தீர்த்துவிட்டு வேறு பண்ணைக்குப் போகலாம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் கதவைத் தற்காலிகமாக மூடினார்கள். தற்காலிகமாகப் போடுகிற திருத்தம் எத்தனை காலம் உயிரோடு இருக்கும் என்பது மென்பொருள் எழுதுகிற எவருக்கும் தெரியும். 1649ல் வந்த சட்டம், ஓடிப்போனவனைத் தேடுவதற்கு இருந்த காலவரம்பையே நீக்கியது. இருபது வருஷம் கழித்துப் பிடித்தாலும் அவன், அவன் மனைவி, இடையில் பிறந்த பிள்ளைகள் எல்லோரும் பழைய எஜமானருக்கே சொந்தம்.

ஆரம்பத்தில் இதற்குள் ஒரு கணக்கு இருந்தது. பிரபு ஜாருக்குப் போர்ச்சேவை செய்தான். அதற்குக் கூலியாக நிலமும் ஆட்களும் பெற்றான். மேலிருந்து கீழ்வரை எல்லோருமே அரசுக்குக் கட்டுப்பட்டவர்கள். 1762 பிப்ரவரி 18 அன்று மூன்றாம் பீட்டர் பிரபுக்களைக் கட்டாயச் சேவையிலிருந்து விடுவித்தார். கணக்கின் ஒரு பக்கம் அழிந்தது, மறுபக்கம் அப்படியே நின்றது. வரலாற்றாசிரியர் வசீலி கிளுச்செவ்ஸ்கி இதைப் பற்றிக் கசப்பாக ஒரு வேடிக்கை சொன்னார்: நியாயப்படி மறுநாளே குடியானவர்களையும் விடுவித்திருக்க வேண்டும்; மறுநாளேதான் விடுவித்தார்கள், என்ன, நடுவில் 99 வருஷம். விடுதலை ஆணையில் இருக்கும் தேதி 1861 பிப்ரவரி 19.

அந்த 99 வருஷத்தின் முற்பகுதியில்தான் இந்த முறை முழு வளர்ச்சி கண்டது. மாஸ்கோ அருகே தார்யா சால்திகோவா என்ற சீமாட்டி தன் ஆட்களை அடித்தே கொன்றுகொண்டிருந்தார். புகார்கள் வருஷக்கணக்கில் அதிகாரிகளோடு நின்றுபோயின. 1762ல் இரண்டு பண்ணையடிமைகள் எப்படியோ மகாராணி கேத்தரின் கையிலேயே மனுவைச் சேர்த்தார்கள். விசாரணை நடந்து, 38 கொலைகள் நிரூபணமாகி, 1768ல் சால்திகோவாவுக்கு ஆயுள் சிறை. அதற்கு முந்தைய வருஷம், 1767ல், கேத்தரின் வேறொரு ஆணை பிறப்பித்திருந்தார்: பண்ணையடிமைகள் எஜமானர்மீது அரசியிடம் நேரடியாகப் புகார் கொடுப்பது இனி குற்றம். அந்த இருவர் வந்த வழி அடைக்கப்பட்டது.

பண்ணையடிமை எஜமானருக்குக் கொடுத்தது இரண்டு வகை. ஒன்று பார்ஷினா: வாரத்தில் பொதுவாக மூன்று நாள் எஜமானரின் நிலத்தில் கூலியில்லாத உழைப்பு. இன்னொன்று ஒப்ரோக்: வருஷத்துக்கு இவ்வளவு என்று பணமாகக் கட்டுவது. மண் வளமான தெற்கில் பார்ஷினா அதிகம். மண் மெலிந்த வடக்கில் ஒப்ரோக் அதிகம். ஒப்ரோக் கட்டுகிறவன் எஜமானரின் அனுமதியோடு மாஸ்கோவுக்குப் போய் ஆலையில் நெய்யலாம், வண்டி ஓட்டலாம், தச்சுவேலை பார்க்கலாம். பணம் வந்தால் சரி. இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இவ்வளவு இருந்தும் எஜமானர்கள் கடனில் இருந்தார்கள். 1850களின் இறுதியில், தனியார் பண்ணையடிமைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் அரசு வங்கிகளில் அடகில் இருந்தார்கள். பண்ணையின் மதிப்பை ஏக்கரில் சொல்ல மாட்டார்கள், அதில் எத்தனை 'ஆன்மா' என்று சொல்வார்கள். ஓர் ஆண் என்றால் ஓர் ஆன்மா. கணக்கெடுப்பு பல வருஷத்துக்கு ஒருமுறைதான். நடுவில் செத்தவன் அடுத்த கணக்கெடுப்பு வரை பட்டியலில் உயிரோடு இருப்பான், அவனுக்கும் வரி உண்டு. கோகொலின் 'இறந்த ஆன்மாக்கள்' நாவலில் சிச்சிக்கோவ் ஊர் ஊராகப் போய்ச் செத்தவர்களை வாங்குவது இதனால்தான். பட்டியலில் இருக்கிறவனை அடகு வைக்கலாம். பழைய ரெக்கார்டை அழிக்காத டேட்டாபேஸில் ஒருவன் பணம் பார்க்கிற கதை அது.

3

முறை கெட்டது என்பது ஆண்டவர்களுக்குத் தெரியாமல் இல்லை. முதலாம் நிக்கொலாய் இதை ஆராய ஒன்றன்பின் ஒன்றாக ரகசியக் குழுக்கள் அமைத்தார். 1842ல் ஆட்சி மன்றத்தில், பண்ணையடிமை முறை தீமைதான், ஆனால் இப்போது அதைத் தொடுவது அதைவிடப் பெரிய தீமை என்ற பொருளில் பேசினார்.

ஏன் பெரிய தீமை? கிராமத்தில் அரசு என்று ஒன்று கிட்டத்தட்டக் கிடையாது. வரி வசூலிப்பவர் நிலப்பிரபு. படைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர் நிலப்பிரபு. சண்டை தீர்த்துச் சவுக்கடி கொடுப்பவரும் அவரே. அவரை எடுத்துவிட்டால் ஜாருக்கும் கோடிக்கணக்கான குடியானவர்களுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

கிரிமியப் போர் (1853-56) வேறு வழியில்லாமல் செய்தது. ரஷ்யா தன் சொந்த மண்ணில் தோற்றது. கிரிமியாவுக்கு ரயில் பாதை கிடையாது. ஆனால் இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றை திமீத்ரி மிலியூத்தின் என்ற தளபதி சுட்டிக்காட்டினார். படையில் சேர்க்கப்படும் பண்ணையடிமை அடிமைநிலையிலிருந்து விடுபடுகிறான். சேவைக்காலம் 25 வருஷம். மற்ற நாடுகள் சில வருஷம் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பி, போர் வந்தால் திரும்ப அழைக்கின்றன. ரஷ்யா அப்படிச் செய்தால், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த, சட்டப்படி சுதந்திரமான லட்சக்கணக்கானவர்கள் அடிமைக் கிராமங்களுக்குத் திரும்புவார்கள். ஆகவே ஆண்டு முழுக்கச் சோறு போட்டு ஒரு பெரும்படையை வைத்திருக்க வேண்டியிருந்தது. கஜானா காலி. நவீனப் படை வேண்டுமென்றால் பண்ணையடிமை இருக்க முடியாது.

1856 மார்ச்சில் புதிய ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் மாஸ்கோ பிரபுக்களிடம் சொன்னார்: இந்த முறை கீழிருந்து தானாக ஒழியும்வரை காத்திருப்பதைவிட, மேலிருந்து நாமே ஒழிப்பது நல்லது. அவரைப் பிற்காலத்தில் விடுதலையாளர் என்றார்கள். அது பொய்யில்லை, தயங்கிய பிரபுக்களையும் இழுத்துக்கொண்டு ஐந்து வருஷம் அந்த வேலையில் நின்றார். ஆனால் அந்த வாக்கியத்தில் 'மேலிருந்து' என்பதுதான் முக்கியமான சொல். எல்லாம் மாறலாம், மாற்றும் கை மாறக் கூடாது.

4

சட்டம் என்ன கொடுத்தது? உடனடியாக: விற்கப்படாமல் இருக்கும் உரிமை, விரும்பியவரை மணக்கும் உரிமை, சொத்து வைத்துக்கொள்ளும் உரிமை, நீதிமன்றம் போகும் உரிமை. சின்ன விஷயம் இல்லை. அதோடு நிலம். இதையும் சொல்லியாக வேண்டும்: பால்டிக் மாகாணங்களில் 1816க்கும் 1819க்கும் இடையில் நிலமில்லாமல்தான் விடுவித்தார்கள். அமெரிக்கா உள்நாட்டுப் போர் நடத்தி, அடிமைகளை வெறுங்கையோடு விடுவித்தது. ரஷ்யா போரில்லாமல், நிலத்தோடு விடுவித்தது.

ஆனால் நிலம் இலவசம் இல்லை. கணக்கு இப்படி.

ஒரு குடியானவன் வருஷத்துக்கு 10 ரூபிள் ஒப்ரோக் கட்டிக்கொண்டிருந்தான் என்று வைப்போம். 6 சதவீத வட்டியில் வருஷம் 10 ரூபிள் வர எவ்வளவு முதல் வேண்டும்? 166 ரூபிள் 67 கோபெக். அதுதான் நிலத்தின் விலை. சந்தையில் அந்த மண் என்ன போகும் என்று சூத்திரம் கேட்கவேயில்லை. பிரபுவுக்கு வந்துகொண்டிருந்த வருமானம் குறையக் கூடாது, அவ்வளவுதான்.

இதில் 80 சதவீதம், அதாவது 133 ரூபிள் சொச்சத்தை, அரசு பிரபுவுக்குக் கடன் பத்திரமாகக் கொடுத்துவிடும். மீதி 33 ரூபிளைக் குடியானவன் நேரடியாகப் பிரபுவுக்குக் கட்ட வேண்டும். அரசு கொடுத்த 133க்கு, அவன் வருஷம் 6 சதவீதம், 8 ரூபிள், 49 வருஷம் கட்ட வேண்டும். எட்டை நாற்பத்தொன்பதால் பெருக்கினால் 392. வீட்டுக்கடன் இ.எம்.ஐ அட்டவணையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களுக்கு இந்த விகிதம் புதிதாக இருக்காது. வித்தியாசம், இந்தக் கடனை யாரும் விண்ணப்பித்து வாங்கவில்லை.

இப்போது ஒப்ரோக் எங்கிருந்து வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். வடக்கில் அது மண்ணிலிருந்து வரவில்லை; மாஸ்கோ ஆலையில் நெய்த கையிலிருந்து வந்தது. அந்தப் பத்து ரூபிளை வட்டியாகக் கொண்டு முதலைக் கணக்கிட்டால், விலை போடப்படுவது நெய்கிற கைக்குத்தான். ஆளுக்கு விலை கிடையாது என்று சட்டம் சொன்னது. சூத்திரம் ஆளையும் சேர்த்தே விலை போட்டது. பேரரசு முழுக்க இப்படிப் போட்ட மதிப்பு சுமார் 87 கோடி ரூபிள். விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளின் சந்தை விலையில் அதே நிலம் சுமார் 65 கோடிதான். இடைவெளி மண் மெலிந்த வடக்கில்தான் அதிகம்.

இன்னொன்று. அரசு பிரபுக்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகையிலிருந்து, அவர்கள் வங்கிகளுக்கு வைத்திருந்த பழைய கடனைக் கழித்துக்கொண்டது. அந்தக் கடனுக்கு அடகாக இருந்தது யார்? இதே குடியானவர்கள். அடகு வைக்கப்பட்ட பொருளே வேலை செய்து கடனை அடைத்த சம்பவம் உலக வங்கி வரலாற்றில் அதிகம் இருக்காது.

நிலத்திலும் வெட்டு விழுந்தது. அதுவரை தங்களுக்காக உழுதுகொண்டிருந்ததில் ஒரு பகுதி, கருமண் மாகாணங்களில் இன்னும் கூடுதலாக, பிரபுவிடம் திரும்பப் போனது. போனது பெரும்பாலும் மேய்ச்சல், காடு, ஆற்றுக்கு மாட்டை ஓட்டிப் போகும் வழி. வயல் இவனிடம், வழி அவரிடம். வழிக்குப் பதிலாக மறுபடி அவர் நிலத்தில் வேலை. கடனே வேண்டாம் என்றவர்களுக்கு ஒரு வழி இருந்தது: உச்சவரம்பில் கால் பங்கு நிலம், ஒரு காசு கட்ட வேண்டாம். ஊரார் அதற்கு வைத்த பெயர் பிச்சைக்காரப் பங்கு.

தவணையை யாரிடம் வசூலிப்பது? பிரபு இல்லை, அதிகாரிகள் போதவில்லை. அரசு ஊர்க்கூட்டத்தை, அதாவது மீர் என்ற பழைய அமைப்பைப் பிடித்தது. நிலம் மீருக்குச் சொந்தம், அது குடும்பங்களுக்குப் பங்கிடும். கடனும் மீரின் பெயரில், கூட்டுப் பொறுப்பில். ஒருவன் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அப்புறம் யார் யாரை ஊரைவிட்டுப் போக விடுவார்கள்? பட்டணத்துக்கு வேலைக்குப் போகக் கடவுச்சீட்டு வேண்டும், அதற்கு ஊர் சம்மதிக்க வேண்டும். எஜமானர் நின்ற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்றார். கூட்டுப் பொறுப்பு 1903ல்தான் ஒழிந்தது. குடியானவர் நீதிமன்றங்கள் கொடுத்த கசையடி 1904ல்.

5

1861 ஏப்ரல். கசான் மாகாணத்தில் ஒரு கிராமம், பெயர் பெஸ்த்னா. ரஷ்ய மொழியில் அதலபாதாளம் என்று பொருள். விடுதலைச் சட்டம் அங்கே வந்து சேர்ந்தது. பல நூறு பக்கம், அலுவலக மொழி. ஊரில் படிக்கத் தெரிந்தவர்களில் ஒருவர் அந்தோன் பெத்ரோவ். அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள்.

அவர் படித்தார். சட்டத்தோடு மாதிரிப் படிவங்களும் இருந்தன: இத்தனை ஆன்மாக்கள், அவர்களில் விடுவிக்கப்பட்டவர்கள் இத்தனை பேர். எண் வர வேண்டிய இடத்தில் சுழிகள். எந்த டெம்ப்ளேட்டிலும் இருப்பது போல, நிரப்ப வேண்டிய இடம். பெத்ரோவ் அந்தச் சுழிகளில்தான் தேடியதைக் கண்டார். உண்மையான விடுதலை இங்கே எழுதப்பட்டிருக்கிறது, நிலம் முழுக்க நமக்கே, கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. ஜார் கொடுத்ததைப் பிரபுக்களும் அதிகாரிகளும் மறைக்கிறார்கள் என்றார். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து கூடினார்கள். பார்ஷினா வேலை நின்றது.

படை வந்தது. பெத்ரோவை ஒப்படைக்கச் சொன்னார்கள். கையில் ஆயுதம் இல்லாத கூட்டம் அவருடைய குடிசையைச் சூழ்ந்து நின்று, தாங்கள் ஜாரின் பக்கம் என்றது. சிப்பாய்கள் பல சுற்றுச் சுட்டார்கள். அதிகாரப்பூர்வமாக முதலில் சொன்ன எண்ணிக்கையே 51 பேர் சாவு. பின்னால் அது கூடியது. பெத்ரோவ் கடைசியில் வெளியே வந்தபோது, சட்டப் புத்தகத்தைத் தலைமேல் தூக்கிப் பிடித்திருந்தார். ஜாரின் சொல்லைத் தலையில் வைத்திருப்பவனைச் சுட மாட்டார்கள் என்ற நம்பிக்கை. ஒரு வாரம் கழித்து ராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கசானில் இறந்தவர்களுக்காக நடந்த பிரார்த்தனையில் பேசிய வரலாற்றுப் பேராசிரியர் அஃபனாசி ஷாப்பவ் கைதானார்.

பெத்ரோவ் தப்பாகப் படித்தார் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் அவர் கையில் இருந்தது தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு நம்பிக்கை: ஜார் நல்லவர், அவருக்கு நம் கஷ்டம் தெரியாது, நடுவில் இருக்கிறவர்கள்தான் கெட்டவர்கள். தமிழில் ஜார் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது பாரதி பாடிய கொடுங்கோலனின் வீழ்ச்சி. ரஷ்யக் குடியானவனுக்கு அவர் 'அப்பா'. ஆண்டவர்களின் பெரிய சொத்து படையோ போலீஸோ இல்லை, இந்த நம்பிக்கைதான். அது நிலைக்க நடுவில் ஒரு பிரபு இருக்க வேண்டும், பழி அவர்மேல் விழ வேண்டும். 1861 அந்தப் பிரபுவைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவிலிருந்து எடுத்துவிட்டது. இனி கடன் கொடுத்தவர் ஜார். வருஷா வருஷம் பாக்கிக்கு மாட்டைப் பிடித்துக்கொண்டு போகிற ஆளும் ஜாரின் ஆள்.

6

பிரபு போன வெற்றிடத்தை நிரப்ப மற்ற சீர்திருத்தங்களும் வந்தாக வேண்டியிருந்தது. 1864ல் ஸெம்ஸ்த்வோ என்ற மாவட்ட, மாகாண மன்றங்கள்: பள்ளி, மருத்துவமனை, சாலை. அதே வருஷம் நீதிமன்றச் சீர்திருத்தம்: வெளிப்படையான விசாரணை, வழக்கறிஞர்கள், எளிதில் நீக்க முடியாத நீதிபதிகள், ஜூரி. 1874ல் எல்லா வர்க்கத்துக்கும் பொதுவான படைச்சேவை, காலம் ஆறு வருஷம். இவை ஒவ்வொன்றும் நல்ல வேலை. ஸெம்ஸ்த்வோ மருத்துவர்களும் ஆசிரியர்களும் கிராமத்தில் செய்ததை எந்த ஜாரும் செய்ததில்லை.

ஆனால் ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் போய் முட்டியது. மாவட்டத்துக்கு மன்றம் சரி, நாட்டுக்கு? அன்றைய தாராளவாதிகள் அதைக் கட்டடத்துக்கு மகுடம் வைப்பது என்றார்கள். 1862லேயே த்வேர் மாகாணப் பிரபுக்கள் தங்கள் சலுகைகளைத் தாங்களே விட்டுக்கொடுத்து, நாடு முழுவதற்குமான பிரதிநிதிகள் சபை கேட்டார்கள். விடுதலைச் சட்டத்தை ஊர்களில் நிறைவேற்றிக்கொண்டிருந்த அந்த மாகாண நடுவர்கள் 13 பேர் கோட்டைச் சிறைக்குப் போனார்கள்.

1878ல் வேரா ஸசூலிச் என்ற இளம்பெண், ஒரு கைதியைக் கசையால் அடிக்க உத்தரவிட்ட பீட்டர்ஸ்பர்க் நகர ஆளுநர் திரேப்பவைச் சுட்டார். அவர் பிழைத்துக்கொண்டார். சுட்டதை ஸசூலிச் மறுக்கவேயில்லை. ஜூரி 'குற்றவாளி இல்லை' என்றது. ஜாரே உருவாக்கிய நீதிமன்றம், ஜாரின் அதிகாரியைச் சுட்டவளை வெளியே அனுப்பியது. அரசு அந்தத் தீர்ப்பிலிருந்து கற்றுக்கொண்டது, இப்படிப்பட்ட வழக்குகளை ஜூரியிடமிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்பதைத்தான். சுதந்திரமான நீதிமன்றம், சுதந்திரமான மன்றம், ஆனால் கட்டுப்பாடில்லாத ஜார். மூன்றும் ஒரே வீட்டில் எத்தனை நாள்?

1881 மார்ச் 1 காலையில், தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளையும் சட்டம் தயாரிக்கும் குழுக்களில் சேர்க்கும் திட்டத்துக்கு அலெக்சாந்தர் சம்மதம் கொடுத்தார். மகுடம் இல்லை, மகுடத்தின் சின்ன முனை. அன்று மதியம் கால்வாய்க் கரையில் 'மக்கள் விருப்பம்' இயக்கத்தினர் குண்டு வீசினார்கள். முதல் குண்டில் தப்பினார். அடிபட்டவர்களைப் பார்க்க வண்டியிலிருந்து இறங்கினார். இரண்டாவது குண்டு அவரைக் கொன்றது. குண்டு வீசுவதற்குக் கைக்குட்டை அசைத்துச் சைகை கொடுத்த சோஃபியா பெரோவ்ஸ்கயா, அதே நகரின் முன்னாள் ஆளுநர் ஒருவரின் மகள். அந்தத் திட்டமும் அவரோடு செத்தது. இரண்டு மாதத்தில் மகன் மூன்றாம் அலெக்சாந்தர், சர்வாதிகாரம் அசையாது என்று அறிக்கை விட்டார். 1889ல் கிராமங்களுக்கு மறுபடி பிரபுக் குலத்திலிருந்து அதிகாரிகளை நியமித்தார். 1890ல் ஸெம்ஸ்த்வோவில் குடியானவர் குரலைச் சுருக்கினார்.

7

தவணை ஓடிக்கொண்டிருந்தது. மக்கள்தொகை பெருகியதில் தலைக்குக் கிடைத்த நிலம் 40 வருஷத்தில் கிட்டத்தட்டப் பாதியானது. பல மாகாணங்களில் பாக்கி, ஒரு வருஷத் தவணையைவிடப் பெரிதானது. அரசு சில முறை தொகையைக் குறைத்தது, தள்ளிவைத்தது. இன்னும் பிரபுவோடு பழைய ஒப்பந்தத்திலேயே கிடந்தவர்களை 1883 முதல் கட்டாயமாகத் தவணைக்குள் கொண்டுவந்தது. 1891-92 பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். தல்ஸ்தோய் கஞ்சித்தொட்டி திறந்தார். யெகோர் செக்கின் பேரன், மருத்துவர் செகாவ், நிவாரணத்துக்குப் பணம் திரட்டினார். அடுத்து வந்த காலராவில் ஸெம்ஸ்த்வோவுக்காகச் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார். பஞ்சத்துக்கு ஓடி வந்தது சமூகம், தாமதமாக வந்தது அரசு. இதை எல்லோரும் பார்த்தார்கள்.

1895ல் புதிய ஜார் இரண்டாம் நிக்கொலாயிடம் ஸெம்ஸ்த்வோ பிரதிநிதிகள் வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். நாட்டு நிர்வாகத்தில் பங்கு பற்றிய ஆசைகளை அவர் அர்த்தமற்ற கனவுகள் என்றார்.

1905 ஜனவரி 9. பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர்கள் பாதிரியார் கபோன் தலைமையில், கையில் புனிதப் படங்களும் ஜாரின் படமுமாகக் குளிர்கால அரண்மனைக்கு மனு கொண்டுபோனார்கள். எட்டு மணிநேர வேலை, பேச்சுரிமை, பிரதிநிதிகள் சபை. நடுவில் இன்னொரு கோரிக்கை: நிலத்துக்கான தவணையை ரத்து செய்ய வேண்டும். ஆலைத் தொழிலாளிக்கு எதற்கு நிலத் தவணை? ஏனென்றால் அவர்களில் ஏராளமானோர் இன்னும் ஏதோ ஒரு கிராமத்து மீரின் பட்டியலில்தான் இருந்தார்கள். படை சுட்டது. நூற்றுக்கும் அதிகமானோர் செத்தார்கள். பெஸ்த்னாவில் சட்டப் புத்தகம், இங்கே ஜாரின் படம். பெஸ்த்னா ஒரு மூலை கிராமம். இது தலைநகர், செய்தி எல்லா ஊருக்கும் போனது.

அந்த வருஷம் மாளிகைகள் எரிந்தன. அக்டோபர் 17ல் ஜார் பிரதிநிதிகள் சபைக்குச் சம்மதித்தார். நவம்பர் 3ல் தவணை பற்றிய அறிவிப்பு: 1906 ஜனவரி முதல் பாதி, 1907 ஜனவரி முதல் முழு ரத்து. 1861ல் தந்திருந்தால் அது கொடை. கலவரத்துக்கு நடுவில் தந்ததால், எரித்தால்தான் கிடைக்கும் என்ற பாடமாக அது ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்போதும் அரசவையில் பழைய நம்பிக்கை மிச்சமிருந்தது. நகரத்துப் படிப்பாளிகள்தான் ஆபத்து, குடியானவர்கள் ஜாரின் பிள்ளைகள் என்று எண்ணி முதல் டூமாவுக்கான தேர்தல் சட்டத்தில் அவர்களுக்குக் கணிசமான இடம் ஒதுக்கினார்கள். பிள்ளைகள் வந்தார்கள். வந்து, பிரபுக்களின் நிலத்தை எடுத்துப் பங்கிடு என்றார்கள். 72 நாளில் டூமா கலைக்கப்பட்டது. 1907ல் தேர்தல் சட்டத்தை மாற்றி, குடியானவர்களின் வாக்கு மதிப்பைக் குறைத்தார்கள். பிரதமர் ஸ்தொலீப்பின் குடியானவர்களை மீரிலிருந்து வெளியேற விட்டு, சொந்த நிலக்காரர்களாக ஆக்கப் பார்த்தார். அதற்கு இருபது வருஷ அமைதி வேண்டும் என்றார். 1911ல் கீவ் நாடக அரங்கில் சுடப்பட்டார். 1914ல் போர்.

1917 பிப்ரவரியில் ரொட்டி கேட்டு வந்த கூட்டத்தைச் சுடச் சொன்னபோது, பெத்ரோகிராத் சிப்பாய்கள் முதலில் சுட்டார்கள், மறுநாள் மறுத்தார்கள். சீருடை போட்ட குடியானவர்கள் அவர்கள். மார்ச் 2ல் ஜார் பதவி விலகினார். மீட்க ஒரு கிராமமும் கிளம்பி வரவில்லை.

8

விடுதலையைக் கொடுத்ததுதான் தப்பு என்று சிலர் இதிலிருந்து முடிவு கட்டுவார்கள். செகாவின் கடைசி நாடகம் 'செர்ரிப் பழத்தோட்டம்' (1904). அதில் ஃபீர்ஸ் என்ற கிழ வேலையாள் 1861ஐத் துரதிர்ஷ்டம் என்கிறார். அதே நாடகத்தில் அந்தத் தோட்டத்தை ஏலத்தில் எடுக்கும் லப்பாகின், அங்கே அடிமையாக இருந்தவர்களின் வழிவந்தவன். பேரனுக்கு இரண்டு பேரையும் தெரியும். விடுதலைக்குப் பிறகு விளைச்சல் கூடியது, எழுத்தறிவு கூடியது. இரண்டு கோடிப் பேரை இனி எவரும் விற்க முடியாது. இதை எதனோடும் பேரம் பேச முடியாது.

சீர்திருத்தம் ஜாரைச் சாய்க்கவில்லை. கொடுத்ததைக் கடனாகக் கொடுத்து, அந்தக் கடன் வசூலாகும்வரை ஆளை ஊரில் கட்டிவைத்து, கேள்வி கேட்கும் மன்றங்களைத் திறந்துவிட்டுக் கேள்வியை மட்டும் தடை செய்ததுதான் சாய்த்தது. மேலிருந்து கொடுக்கிறவர்கள் எப்போதும் ஒரு ரசீதைக் கையில் வைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் கொடுத்தது, நாங்கள் சொல்லும் வரை, நாங்கள் சொல்லும் அளவுக்கு. அந்த ரசீதை ரஷ்யக் குடியானவன் கடைசிவரை ஏற்கவில்லை. உழுகிறவனுக்கு நிலம், நிலம் யாருக்கும் சொந்தமில்லை, அது கடவுளுடையது என்பதுதான் அவன் மனதில் இருந்த சட்டம். 1917ல் எந்தத் தவணையும் இல்லாமல் அதை அவனே நிறைவேற்றிக்கொண்டான்.

1883ல் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களின் 49 வருஷக் கணக்கு, ரத்தாகாமல் இருந்திருந்தால், 1931 முடிவில் தீர்ந்திருக்கும். அதற்குள் நிலம் கூட்டுப்பண்ணைக்குப் போய்விட்டது. 1932 டிசம்பரில் சோவியத் அரசு உள்நாட்டுக் கடவுச்சீட்டைக் கொண்டுவந்தது. நகரத்தாருக்குக் கிடைத்தது. கூட்டுப்பண்ணைக் குடியானவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. அது இல்லாமல் ஊரைவிட்டு நகர முடியாது. கட்சியின் பெயரைச் சுருக்கிய எழுத்துகளுக்கு ஊரில் புது விரிவு சொன்னார்கள்: போல்ஷிவிக்குகளின் இரண்டாவது பண்ணையடிமை முறை. எல்லோருக்கும் கடவுச்சீட்டு கொடுப்பது என்று தீர்மானம் வந்தது 1974ல்.